பதினான்காம் பக்கம்

ஜக்கையன் ஏலக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்பது போடிநாயக்கனூரில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு முந்தி என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. கால் மணி என்பார் ஒருவர். நாற்பது நிமிடம் என்று சத்தியம் செய்வார் அடுத்தவர். கையில் கட்டியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றால், இந்த ஊரில் இரண்டு கைக்கடிகாரம் ஒரே மணி காட்டிய சரித்திரம் கிடையாது. ஒவ்வொருவனும் தன்னுடையதையும் தன் வசதிக்குத் தள்ளி வைத்திருப்பான்.

ஜக்கையனுக்கு வேண்டியதும் அதுதான். புதன்கிழமை ஏலத்துக்குக் கூடத்துக் கடிகாரம் பத்து அடிக்கும்போது வாசல் அடைபடும். எவ்வளவு முந்தியிருக்கும் என்று தெரியாதவன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்பான். ஏலக்காய் மூட்டை உள்ளே வந்ததும் அதற்கு ஒரு சீட்டு. சீட்டில் வந்த மணி இருக்கும். அந்த மணி வரிசையில்தான் ஏலம் கூவுவார்கள். முன்வரிசைச் சரக்குக்குத்தான் மவுசு. வாங்குகிறவர்களின் கண் அப்போதுதான் புதிதாக இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டால் முதல்தரக் காயைக் கூட மூன்றாம்தரம் மாதிரி பார்த்துக் கொட்டாவி விடுவார்கள்.

எண்பத்தாறில் ஜக்கையன் கம்ப்யூட்டர் வாங்கினார். அதுவரை கையால் எழுதிய மணியை, அதன் பிறகு எந்திரம் அச்சடித்துக் கொடுத்தது. சி மொழியில் புரோகிராம் எழுதியவன் சுருளிவேல் என்ற சின்னமனூர்ப் பையன். எழுதி முடித்த கையோடு பெங்களூருக்குப் பஸ்சு ஏறிவிட்டான். அவன் விட்டுப்போன புரோகிராம் என்ன செய்கிறது, எங்கே கை வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் எழுதிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எந்திரத்தைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தைத் திருத்தவும் வேண்டும். அந்தச் சோலி காசிமாயனுக்கு வாய்த்தது.

காசிமாயன் அதற்குமுன் பதினோரு வருடம் போடிமெட்டுக்கு மேலே, ஜக்கையனின் எடைக் கொட்டகையில் கிடந்தவன். அட்டை கடித்த தழும்பு முழங்கால் வரை இருக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வர இறங்கி, பெண்டாட்டி கையால் இரண்டு வேளை தின்றுவிட்டு, மறுபடி ஏறவேண்டும். டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டுதான் கீழே வந்து சேர்ந்தான். இப்போது ஏசி அறை, சுழல் நாற்காலி, ஒரு நீல ஃபைல். செத்தாலும் மலைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தான். முடிவு செய்ய வேண்டியவர் ஜக்கையன் என்பதுதான் இடைஞ்சல்.

நீல ஃபைலை அவன் ஆசையாகத்தான் எழுதினான். நேரத்தை மாற்றுகிற பங்ஷன், அதாவது புரோகிராமின் துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எந்திரத்துக்குள்ளே மணி, நாள் என்று எதுவும் கிடையாது. எழுபதாம் வருடம் ஜனவரி ஒன்றிலிருந்து எத்தனை வினாடி ஓடியிருக்கிறது என்ற ஒற்றை எண்தான் உண்டு. அதை மனுசன் படிக்கிற மணியாக, நாளாக, மாதமாகப் பிரித்துத் தருவது லோக்கல்டைம் என்ற பங்ஷன். அதைப்பற்றிக் காசிமாயன் எழுதியது இப்படி: "இது தருவது ஏலத்தில் சுற்றி வருகிற சாம்பிள் தட்டு மாதிரி. ஒரே தட்டுதான். அடுத்த லாட்டின் காயை அதிலேயே கொட்டிவிடுவார்கள். பார்க்க வேண்டியதை உடனே பார்த்து எடுத்துவைத்துக்கொள்ளவும். அப்புறம் தேடினால் முந்தின காய் இருக்காது." மாதத்துக்கு எழுதியது: "ஜனவரியைப் பூஜ்யம் என்று சொல்லும். பயப்பட வேண்டாம். ஒன்று கூட்டிக்கொள்ளவும்."

ஓர் இடத்தில்தான் அவன் திணறினான். புரோகிராமில், வினாடி எண்ணை லோக்கல்டைமுக்கு அனுப்புமுன் அதோடு மூவாயிரத்து அறுநூறைக் கூட்டியிருந்தான் சுருளிவேல். ஒரு மணி நேரம். எதற்கு? இவன் கடிதம் எழுதிக் கேட்டான். பெங்களூரிலிருந்து பதில் வந்தது.

"அண்ணே, அந்தப் பெட்டியைச் செய்தவனுக்கு உலகத்தில் அரை மணி என்று ஒன்று இருப்பதே தெரியாது. லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். பெட்டி ஐந்தைத்தான் வாங்கிக்கொள்கிறது, அரையை வாங்க மாட்டேன் என்கிறது. ஆக ஒரு அரை மணி அதற்கு. இன்னொரு அரை மணி முதலாளிக்கு. கூடத்துக் கடிகாரம் சரியாக முப்பது நிமிடம் முந்தி வைத்தது. பெட்டியும் அதோடு ஒத்துப்போக வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது என்றார். நான் விட்டுவிட்டேன், நீங்கள் விடாதீர்கள்."

காசிமாயன் அதைப் பதினான்காம் பக்கத்தில் எழுதி ஃபைலில் சேர்த்தான். ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த முப்பது நிமிடம் தன் ஃபைலுக்குள் இருப்பதில் அவனுக்கு ஒரு தனிக் கிறக்கம். ஜக்கையன் அந்த ஃபைலைப் புரட்டியதே கிடையாது என்பது அவனுக்கு இருந்த தைரியம்.

எண்பத்தெட்டு ஆவணியில் பரீட்சை வந்தது. எந்திரம் மக்கர் செய்கிற ஒவ்வொரு தடவையும் மெட்ராஸிலிருந்து ஆள் வரவழைத்து ஜக்கையனுக்கு அலுத்துவிட்டது. இனிமேல் ஃபைலைப் பார்த்து உள்ளூர்க்காரர்களே சமாளிக்கட்டும் என்றார். ஆள் அனுப்பிக்கொண்டிருந்த மெட்ராஸ் கம்பெனி, முதலில் ஃபைல் தேறுகிறதா என்று பார்க்க கோமளா என்ற என்ஜினியரை அனுப்பியது. தேறினால் காசிமாயன் நாற்காலியில் இருப்பான். தேறாவிட்டால் திங்கட்கிழமை ஜீப்பு. இதுதான் ஜக்கையன் பேசிய பேச்சு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோமளா வந்து இறங்கினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தடித்த கண்ணாடி, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். ஃபைலைக் கையால் எடை பார்ப்பது போல் தூக்கிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில நீங்க வெளியிலதான் உட்காரணும் சார். நான் உங்கள ஒரு வார்த்தை கேட்காம எல்லாத்தையும் செய்யணும். ஏதாவது தப்பு கண்ணுல பட்டா அதையும் ஃபைல வச்சே சரி பண்ணுவேன்."

"கேட்டா என்ன மேடம்? நான் இங்கனதான இருப்பேன்," என்றான் காசிமாயன்.

"நல்ல ஃபைலுக்கு ஆளே தேவையில்ல சார். அதுதான் அதோட அழகு."

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் நின்ற ஜக்கையன் மீசையைத் தடவிக்கொண்டு, "ஆளே தேவையில்லையாமில்ல," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். புதுக் காயைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிற முகம்.

அன்றைக்குப் பிடித்த பரபரப்பு காசிமாயனை விடவில்லை. மறுநாள் காலையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான், எழுந்தான், சட்டை போட்டான், கழற்றினான், மறுபடி உட்கார்ந்தான். வேலுத்தாய் தோசைக் கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"இடுப்புல எறும்பு ஏறிருச்சா?"

"ஃபைலு தேறலைன்னா மலை. தேறிருச்சுன்னா, அப்புறம் ஆளு எதுக்குங்குறாரு மொதலாளி. அப்பவும் மலை. நான் எங்கிட்டுத்தான் போக?"

"எங்கப்பன் முப்பது வருசமா மாட்டுத் தரகு பாத்தாரு. மாட்டோட சுழி, பல்லு எல்லாம் சொல்லுவாரு. ஒண்ண மட்டும் சொல்லமாட்டாரு. அத வாங்குனவன் அவருகிட்டத்தான் திரும்பி வந்து கேக்கணும். நீரு என்னடான்னா வாலு நுனி வரைக்கும் எழுதிக் குடுத்துட்டு வந்து முழிக்கிறீரு."

காசிமாயன் பாதித் தோசையில் எழுந்துவிட்டான்.

எட்டு மணிக்கு அவன் எந்திர அறைக்குள் நுழைந்தபோது கோமளா இன்னும் வரவில்லை. ஃபைலைத் திறந்தான். பதினான்காம் பக்கத்தை வளையத்திலிருந்து கழற்றி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பதிமூன்றுக்குப் பிறகு பதினைந்து வரும். அவள் பார்ப்பாள், தலையைச் சொறிவாள், கதவைத் திறந்து "காசிமாயன் சார்" என்பாள். ஒரே ஒரு தடவை. ஜக்கையன் காதில் அது விழுந்தால் போதும்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பெஞ்சு சுட்டது. எழுந்து வாசல் வரை நடந்தான். லோடு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மூட்டை இறக்கின. குரங்கணியிலிருந்து பாண்டியம்மாள் வந்திருந்தாள். ஒன்றரை ஏக்கர்க்காரி, இரண்டே மூட்டை. விடியுமுன்னே ஜீப்பு பிடித்து முதல் ஆளாக வந்து, சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்திருந்தாள். சீட்டில் எட்டு முப்பத்தைந்து. கூடத்துக் கடிகாரமும் அப்போது அதையேதான் காட்டியது.

"என்ன அப்பு, புள்ளைப்பேறு வாசல்ல நிக்கிறவன் மாதிரி நிக்கிறே?" என்றாள்.

"அதவிட மோசம் ஆத்தா."

"எத்தனாவது?"

"எது?"

"புள்ள."

காசிமாயனுக்குச் சிரிப்பு வரவில்லை. டீக்கடைக்குப் போனான், டீயை வாங்கினான், குடிக்காமல் திரும்பினான். கதவு சாத்தியபடியே இருந்தது. அவள் கூப்பிடவில்லை.

உள்ளே நடந்தது பிறகுதான் தெரியவந்தது. பதினான்காம் பக்கம் இல்லாததைக் கோமளா பார்த்தாள். தலையையும் சொறிந்தாள். ஆனால் ஆளைக் கூப்பிடவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரை. திரையைப் பார்த்தாள். ஒன்பது. மெட்ராஸில் ரேடியோ மணிக்குத் திருகி வைத்த கடிகாரம் அது. உலகத்தில் ஒருவன் மணியை வேண்டுமென்றே தள்ளி வைப்பான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்தியாவுக்கு அரை மணிதான் பாக்கி, எழுதியவன் அவசரத்தில் ஒரு மணி போட்டுவிட்டான், தப்பு அகப்பட்டுவிட்டது என்று சந்தோஷமாக மூவாயிரத்து அறுநூறை அடித்து ஆயிரத்து எண்ணூறு ஆக்கினாள். ஃபைலின் ஒன்பதாம் பக்கத்தில் காசிமாயன் அருமையாக எழுதியிருந்த முறைப்படியே புரோகிராமைப் புதிதாகக் கட்டி ஓட்டினாள். ஐந்து நிமிட வேலை.

வெளியே முதலில் சத்தம் போட்டவள் பாண்டியம்மாள்.

கரும்பலகையில் ஏல வரிசையை எழுதிக்கொண்டிருந்தான் சீனிச்சாமி என்ற குமாஸ்தா. எந்திரம் அடித்துத் தந்த வரிசையைப் பார்த்து எழுதுவதுதான் அவன் சோலி, யோசிப்பது இல்லை. கூடத்துக் கடிகாரத்தில் ஒன்பது ஐந்துக்கு மூட்டை இறக்கிய ராசிங்காபுரத்து ஏஜண்டுக்கு எட்டு முப்பத்தைந்து என்று சீட்டு வந்தது. அடுத்தவனுக்கு முப்பத்தாறு. இப்படியே ஒன்பதேகாலுக்கும் ஒன்பதரைக்கும் வந்தவர்களெல்லாம் எட்டே முக்காலுக்கும் ஒன்பதுக்கும் வந்தவர்களாகி, காலையிலிருந்து காத்துக் கிடந்தவர்களின் இடையில் புகுந்துகொண்டிருந்தார்கள். ராசிங்காபுரத்து ஏஜண்டின் பதினெட்டு மூட்டைக்குக் கீழே பாண்டியம்மாள் பேரை எழுதியிருந்தான் சீனிச்சாமி.

"ஏலே, நான் வந்து மூட்டைய எறக்குறப்ப இந்தாளு பல்லு வெளக்கிருக்க மாட்டான்! எனக்கு மேல எழுதுறயா?"

"எந்திரம் சொல்லுது ஆத்தா. ரெண்டு பேரும் எட்டு முப்பத்தஞ்சு. அவருக்குப் பெரிய லோடு, அதனால மேல."

"எந்திரம் கண்ணால கண்டுச்சா? நான் கண்டேன்ல?"

இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் சீட்டைக் கிழித்து எறிந்தான். சின்னமனூர்ப் பையன் எழுதிய எந்திரத்தை மலையிலிருந்து உருட்டவேண்டும் என்றான் இன்னொருவன். ராசிங்காபுரத்து ஏஜண்டு மட்டும் வாயைத் திறக்காமல் தன் சீட்டைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார்.

காசிமாயனுக்குச் சட்டைப் பை கனத்தது. நாலாக மடித்த ஒரு தாள் நாலு மூட்டைக் கனம் கனக்கும் என்று பதினோரு வருடம் எடை போட்டவனுக்கே இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் திருத்திவிட்டாள். கூப்பிடாமலே திருத்திவிட்டாள். சும்மா இருந்தால் பழி சுருளிவேல் தலையிலோ எந்திரத்தின் தலையிலோ போகும். பாண்டியம்மாள் வருடத்துக்கு இருபது மூட்டைக்காரி இல்லை. இந்த இரண்டு மூட்டை கண் அசந்த நேரத்தில் கூவப்பட்டால், அவளுக்கு இந்தப் பறிப்பு முழுவதும் போயிற்று. உள்ளே போனால் ஃபைல் தேறவில்லை என்று ஆகும். திங்கட்கிழமை ஜீப்பின் டீசல் நாற்றம் இப்போதே மூக்கில் ஏறியது.

பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவில் மூன்று தடவை போய்வந்தான். நாலாவது தடவை கதவைத் தள்ளிவிட்டான்.

"மேடம், அத மாத்துங்க. வெரசா மாத்துங்க. மூவாயிரத்து அறுநூறுதான் சரி."

"எப்படி சார் சரி? என் வாட்சைப் பாருங்க."

"உங்க வாட்ச்சு சரியா ஓடுது மேடம். அதான் தப்பு."

அதற்குள் ஜக்கையன் உள்ளே வந்துவிட்டார். அவர் பின்னால் பாண்டியம்மாள், சீனிச்சாமி, கதவு அடைக்கிற அளவுக்கு ஜனம். காசிமாயன் பையிலிருந்த தாளை எடுத்து விரித்தான். கோமளா கைநீட்டி வாங்கி, ஜக்கையன் தடுக்குமுன், அத்தனை பேர் முன்னாலும் உரக்க வாசித்தாள்.

"இன்னொரு அரை மணி, கூடத்துக் கடிகாரம் சரியாக முப்பது நிமிடம் முந்தி வைக்கப்பட்டிருப்பதால்."

வாசலை அடைத்து நின்ற ஜனம் மொத்தமும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தது.

"முப்பதா!" என்றார் வாசலில் ஒருவர். "நான் இருபதுன்னுல்ல நெனச்சேன்!"

"நான் சொல்லல, முப்பதுன்னு? டீ வாங்கித் தாரேன்னீரே, எங்கய்யா டீ?"

செய்தி கூடம் முழுக்க ஓடிற்று. அப்பா காலத்திலிருந்து கட்டிக் காத்த அரை மணி கண் முன்னால் பறிபோவதை ஜக்கையன் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் சோலி முதலில். கோமளா பழைய எண்ணைப் போட்டாள். கெட்ட சீட்டுகளைக் காசிமாயன் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முப்பது நிமிடத்தைக் கையால் கூட்டி, வரிசையைத் திருத்தினான். பாண்டியம்மாள் பேர் பலகையின் உச்சிக்குப் போனது. ராசிங்காபுரத்து ஏஜண்டு தன் சீட்டைப் பையிலிருந்து எடுக்கத்தான் பத்து நிமிடம் ஆயிற்று.

ஏலம் முடிந்து கூடம் காலியானதும் ஜக்கையன் அவனைக் கூப்பிட்டார். கோமளாவும் இருந்தாள்.

"தாளு உன் சட்டப் பைக்குள்ள எப்படிய்யா போச்சு?"

பதில் தயாராகத்தான் இருந்தது. "மொதலாளி ரகசியம். வெளியாளு கண்ணுல படவேணாம்னு எடுத்து வச்சேன்."

ஜக்கையன் அவனையே பார்த்தார். ஐம்பது வருடமாகக் காயின் தோலைப் பார்த்து உள்ளே எத்தனை விதை என்று சொல்கிறவர்.

"பாதி நெசம். மீதிய எறக்கு."

காசிமாயன் கால் மாற்றி நின்றான். "மீதி மலை, மொதலாளி."

கோமளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் சொன்ன ஆளே தேவையில்லை என்ற வார்த்தை என்ன வேலை செய்திருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "இந்தப் பக்கம் இருந்திருந்தா நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். இல்லாததால ஃபைல் தேறலைன்னுதான் எழுதணும் சார்," என்றாள். "ஆனா மத்த பக்கம் மாதிரி நான் மெட்ராஸ்லயே பார்த்ததில்ல. அதையும் எழுதுவேன்." எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதுரைப் பஸ்சுக்குக் கிளம்பினாள்.

"தேறலை," என்றார் ஜக்கையன். "பேசுன பேச்சு?"

"திங்கக்கெழமை ஜீப்பு," என்றான் காசிமாயன்.

"ம்."

அவன் ஃபைலைத் திறந்து, பதினான்காம் பக்கத்தின் மடிப்பை நீவி, வளையத்தில் மாட்டினான். போகிறவன் ஒழுங்காக வைத்துவிட்டுப் போவோம் என்றிருந்தது. கூடத்திலிருந்து ஏணி இழுபடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். சீனிச்சாமி ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க, அறுபது வயது ஜக்கையன் வேட்டியை மடித்துக் கட்டி மேலே ஏறி, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்துகொண்டிருந்தார். முள்ளை விரலால் தள்ளினார். ஐந்து நிமிடம். யோசித்தார். இன்னும் ஐந்து.

ஊருக்குத் தெரிந்துபோன முப்பது நிமிடத்தால் இனி யாருக்கு என்ன பிரயோசனம்?

இறங்கி வந்தவர், கையைத் தட்டிக்கொண்டு, இரண்டு அடி நடந்தார். நின்றார். எந்திர அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது. அடுத்த புதன்கிழமைக்குள் எந்திரமும் பத்து நிமிடம் தள்ளிப்போக வேண்டும். ஊர் இதையும் மோப்பம் பிடிக்கும், அப்போது மறுபடி தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் மெட்ராஸுக்குச் சொல்லி ஆள் வரவழைத்தால், ரகசியம் பஸ்சில் வந்து பஸ்சில் போகும்.

"காசி, பெட்டியில பத்து நிமிசம் ஏத்தணும்னா என்ன எண்ணு?"

"அறுநூறு கூடும் மொதலாளி. நாலாயிரத்து இருநூறு."

"போடு. வாயத் தொறந்தே, கொன்னுருவேன்."

"போடுறேன்." நாற்காலியில் உட்கார்ந்தவன் உடனே எழுந்தான். "மொதலாளி, திங்கக்கெழமை ஜீப்பு?"

ஜக்கையன் திரும்பாமலே சொன்னார். "சீனிச்சாமி போவான். யோசிக்காம எழுதுறவனுக்கு எடைக் கொட்டகைதான் தோது."

காசிமாயன் எண்ணை மாற்றி ஓட்டிப் பார்த்தான். திரையும் கூடத்துக் கடிகாரமும் ஒரே மணி காட்டின. பிறகு பதினான்காம் பக்கத்தை எடுத்து, "முப்பது" என்பதை அடித்தான். மேலே "நாற்பது" என்று எழுத, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைத் திறந்தவன், மறுபடி மூடி வைத்துவிட்டு, மேசை இழுப்பறையில் பென்சிலைத் தேடினான்.